மீரா சாகிபு பலகையைப் பூட்டிய கதை

மலேசியாவில், கோலா சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மீரா சாகிபுவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. கடையின் பெயர் என்ன என்று கேட்டால் எண்பதுகளில் அங்கே சாப்பிட்ட ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. மேலே இருந்த பெயர்ப்பலகையை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் பார்த்தது வேறு பலகை. வாசல் தூணில் ஓர் ஆணியடித்து, பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட கரும்பலகை ஒன்றை அவர் தொங்கவிட்டிருந்தார். மற்ற கடைக்காரர்கள் அப்படிப்பட்ட பலகையில் இன்று ஆட்டுக்கறி உண்டு, நாளை விடுமுறை என்று எழுதுவார்கள். மீரா சாகிபு கவிதை எழுதினார்.

நாலே வரிதான். விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்து வந்ததும் அடுப்பில் தண்ணீர் ஏற்றுவார். அது கொதிக்கிற நேரத்தில் சாக்பீஸை எடுப்பார். நேற்றைய கவிதையை மேசை துடைக்கும் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் அழித்துவிட்டு இன்றைய கவிதையை எழுதுவார். எழுதி முடித்ததும் நடைபாதை விளிம்புவரை பின்வாங்கி, இடுப்பில் கை வைத்து, வேறு யாரோ எழுதியதைப் படிப்பவர்போலப் படித்துத் தலையை ஆட்டுவார். ஒருநாள் அப்படிப் பின்வாங்கியதில் சாக்கடைக்குள் ஒரு காலை விட்டார். கவிதை நன்றாக வந்திருந்ததால் வலி தெரியவில்லை என்று மூன்று மேசைகளில் போய்ச் சொன்னார்.

பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. "நேத்து சுட்ட ரொட்டியை எவனாச்சும் அலமாரியில வைப்பானா?" என்பார். கவிதைக்குக் கீழே பெயர் போடுவதும் இல்லை. கடை என்னுடையது, தூண் என்னுடையது, ஆணி என்னுடையது, கவிதை மட்டும் யாருடையதாக இருக்கும் என்பது அவருடைய எண்ணம்.

பாடுபொருள் பெரும்பாலும் ஒன்றுதான்: கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த அவருடைய மனைவி மெகராஜ் பேகம். தோட்டத்து லோரி ஓட்டுநர் முருகையா விழுந்து விழுந்து சிரித்து, தேத்தண்ணீரை மேசையெல்லாம் கொட்டிய கவிதை இது:

என் வீட்டுக்காரி உறங்குகிறாள்,
எஸ்டேட் லோரி மேடு ஏறுகிறது.
எழுப்பிவிடாதீர், வழிவிடுங்கள்,
இறக்கத்தில் பிரேக் இல்லை அவளுக்கு.

இப்படித் தினமும் சந்தியில் வைத்துத் தன்னைக் கேலி செய்யும் கணவனை அந்த அம்மாள் எப்படி விட்டுவைத்தார் என்று கேட்கலாம். மெகராஜ் பேகத்துக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. தமிழ்நாட்டுக் கீழக்கரையில் அவருடைய சிறுவயதுப் படிப்பு வேறு மாதிரியானது. மீன் வாங்கவோ பக்கத்துக் கடைக்குப் போகவோ கீழே இறங்கும்போது எப்போதாவது கேட்பார்: "ஏன் மச்சான், போர்டைப் பாத்துட்டு எல்லாரும் சிரிக்கிறாக?"

"விலையைப் பாத்துச் சிரிக்கிறானுவ. இந்த டவுன்லயே நம்ம கடையிலதான் விலை கம்மி" என்பார் மீரா சாகிபு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அந்த அம்மாளும் சந்தோஷமாகப் போய்விடுவார்.

அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டமொன்றில் சிவானந்தம் என்று ஒரு கிராணி இருந்தார். தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதுகிற வேலை. சட்டைப்பையில் இரண்டு பேனா, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, யார் பேசினாலும் "அருமை, அருமை" என்கிற வாய். அவர் காலையில் மோட்டார் சைக்கிளைப் பலகைக்கு நேரே நிறுத்திவிட்டு, சிகரெட் பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் கவிதையை எழுதிக்கொள்வார். மீரா சாகிபுக்கு அதைப் பார்க்கப் பார்க்க உச்சி குளிர்ந்தது. அன்றெல்லாம் கிராணிக்குத் தேத்தண்ணீரில் பால் கூடுதலாக விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகையா பத்திரிகையை விரித்தபடியே உள்ளே வந்தார். மீரா சாகிபுவை எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். "நானா, ஒங்க லோரி பேப்பர்ல ஓடுதுலா."

கவிதைப் பக்கத்தின் நட்ட நடுவில், பூ வேலைப்பாடு போட்ட கட்டத்துக்குள், அந்த நாலு வரியும் இருந்தது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கீழே கொட்டை எழுத்தில்: கவிஞர் சிவானந்தம். மீரா சாகிபு அதை நின்றுகொண்டு ஒரு தடவை, உட்கார்ந்துகொண்டு ஒரு தடவை படித்தார். பிறகு அடுப்படிக்குப் போய் எதற்கென்று தெரியாமல் ஒரு வெங்காயத்தை உரித்தார். அவருக்கு நெஞ்சு எரிந்தது. அச்சில் தன் வரிகள் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்பதுதான் கூடுதலாக எரிந்தது.

மறுநாள் கிராணி வந்ததும் வழிமறித்தார். சிவானந்தம் பதறவில்லை, ஒளியவும் இல்லை.

"நானா, ரோட்டோரத்துல எழுதிப்போட்டது பொதுச்சொத்துலா. பேரு எங்க போட்டிருந்தீங்க? அநாதையா நின்னுச்சு, நான் எடுத்து வளத்தேன்."

அடுத்த நாளிலிருந்து கவிதைக்குக் கீழே 'மீரா சாகிபு' என்ற பெயர் ஏறியது. பெயரை விட்டுவிட்டுக் கவிதை மட்டும் அடுத்த ஞாயிறு பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது. 'இதை எழுதி எடுப்பவர் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டும்' என்று எச்சரிக்கை எழுதினார். எச்சரிக்கை பலகையில் பாதியைப் பிடித்துக்கொண்டதால் கவிதை இரண்டு வரியாகச் சுருங்கியது. ரொட்டி போடும் மூசாவைக் காவலுக்கு நிறுத்தினார். சிவானந்தம் கையைக் கட்டிக்கொண்டு நின்று படித்து, மனப்பாடம் செய்துகொண்டு போனார். அடுப்பில் ரொட்டி கருகியதுதான் மிச்சம்.

கடைசியில் கோலாலம்பூருக்குத் தொலைபேசி போட்டுப் பத்திரிகை ஆபீசையே பிடித்துவிட்டார். மறுமுனையில் பேசியவர் மரியாதையான மனிதர்.

"உங்க கவிதை முதல்ல எதுல வெளிவந்ததுங்க?"

"போர்டுல."

"போர்டு... அது மாத இதழா, வார இதழா?"

"தினசரி" என்றார் மீரா சாகிபு, நிமிர்ந்து.

"எத்தனை பிரதிங்க?"

"ஒண்ணு."

"அதை அனுப்பி வைக்க முடியுமா?"

"அழிச்சாச்சே" என்றார். மறுமுனையில் அந்த மரியாதையான மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெளிவாகக் கேட்டது.

இந்தச் சமயத்தில்தான் தோட்டத்துப் பொங்கல் விழாவில் 'நம் தோட்டத்துக் கவிஞர்' சிவானந்தத்துக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. விழாவுக்குத் தேத்தண்ணீரும் வடையும் மீரா சாகிபுவின் கடையிலிருந்து. ஆர்டர் கொடுக்க வந்தவர் வெள்ளந்தியாக, "கவிஞருக்கு ஒங்க கடை வடைன்னா உயிராம் நானா" என்றார். மீரா சாகிபு ஒப்புக்கொண்டார். கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று 'இது என் கவிதை' என்று சொல்லிவிடுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார். என் வார்த்தை என் பெயரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. நியாயமான ஆசைதான். ஆனால் விழா வரும்வரை இன்னும் எத்தனை கவிதையைப் பறிகொடுப்பது?

ஒருநாள் ரொட்டி மாவைப் பிசையும்போது அவருக்கு அந்த யோசனை வந்தது. அரபுத் தமிழ்! கீழக்கரையில் பள்ளிவாசல் பாடத்தோடு சேர்த்துக் கற்றுக்கொண்டது. பேச்சு தமிழ், எழுத்து அரபு. கிராணி குட்டிக்கரணம் போட்டாலும் அதைப் படிக்க முடியாது. மறுநாள் காலை பலகையின் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு வரிகள் ஓடின. சிவானந்தம் வந்தார், பார்த்தார், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார், பேனாவைப் பையில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். மீரா சாகிபு அன்று கடையில் எல்லோருக்கும் இலவசமாக ஆளுக்கொரு வடை கொடுத்தார்.

அவர் யோசிக்காதது இரண்டு விஷயம். ஒன்று, முருகையாவாலும் படிக்க முடியவில்லை. தோட்டத்து ஆட்கள் யாராலும் முடியவில்லை. "என்னா நானா, எங்க மேல என்னா கோவம்?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பில்லாமல் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். படித்தவர் ஒரே ஒருவர்தான். சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன் லோரி கொண்டுவரும் மலாய்க்கார ஹாஜி ஒருவர் பலகை முன்னால் நின்று, மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி படிக்கிற பழக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்துப் பார்த்தார். ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாததால், ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து மரியாதை கூடியது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இது என்ன துஆ?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார்.

"மீன் பத்தின விஷயம், ஹாஜி" என்றார் மீரா சாகிபு, கூசிப்போய். மீனுக்கென்று ஒரு துஆ இருப்பது தெரிந்து ஹாஜிக்கு ரொம்ப மகிழ்ச்சி.

இரண்டாவது விஷயம் மூசா. மறுநாள் அடுப்படியில் கை வேலையாக இருந்த மீரா சாகிபு பலகையை அழிக்கச் சொன்னபோது மூசா ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டான்.

"அரபு எழுத்தை மேசை துடைக்கிற துணியால துடைக்கச் சொல்றியளா? என்னால ஆகாது."

"டேய், அது தமிழ்டா."

"எழுத்து அரபுதானே?"

மீரா சாகிபு தானே துடைத்துவிடலாம் என்று குனிந்தார். அந்தத் துணியைக் கையில் எடுக்க அவருக்கே இப்போது மனம் வரவில்லை. ஆக ஒரே கவிதை மூன்று நாள் அழிபடாமல் நின்றது. மூன்றாம் நாள் அவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் மூசா மாடிப்படி ஏறிப் போய், "மாமி, சுத்தமான வெள்ளைத் துணி ஒண்ணு தாங்க. போர்டுல அரபு எழுத்து இருக்கு, துடைக்கணும்" என்றான்.

"எழுத்தை நீ எதுக்குத் துடைக்கிறே? நான் வாரேன்" என்றார் மெகராஜ் பேகம். தொழுகைக்குப்போலக் கை கால் முகம் கழுவி உளூச் செய்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, புதுத் துணியோடு கீழே இறங்கினார். பலகையைப் பார்த்தார். துணி கையிலேயே நின்றுவிட்டது.

தமிழ் எழுத்து தெரியாதவர்தான். ஆனால் கீழக்கரையில் அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் பலர் படித்த படிப்பே அரபுத் தமிழ்தான். கிராணியின் மூக்குக்கு எதிரே கதவைச் சாத்தின அவசரத்தில், மனைவிக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது மீரா சாகிபுக்குத் தோன்றவே இல்லை. மெகராஜ் பேகம் உரக்கவே வாசித்தார்:

மீன் வாங்கி வா என்றேன் மனைவியிடம்,
மீன்காரன் கதையை வாங்கி வந்தாள்.
உப்பும் புளியும் கரைச்சாச்சு இங்கே,
கதையை எந்தச் சட்டியில் காய்ச்ச?

மூன்று நாளாகச் சிரிப்பில்லாமல் பட்டினி கிடந்த கூட்டம் கடை அதிரச் சிரித்தது. முருகையா மேசையைத் தட்டினார். மெகராஜ் பேகம் சிரிக்கவில்லை. "இது மாதிரி முன்னாடி என்னென்ன எழுதியிருக்காக?" என்று கேட்டார். முருகையா ஆர்வக்கோளாறில் லோரிக் கவிதையை ராகம் போட்டே சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பலகையை அழிக்காமல் மாடிக்குப் போய்விட்டார்.

மீரா சாகிபு சந்தையிலிருந்து திரும்பி மாடி ஏறியபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், போர்டுல விலைதானே எழுதுறதாச் சொன்னிய?"

மீரா சாகிபு சந்தைப் பையைக் கீழே வைத்தார்.

"கதையை எந்தச் சட்டியில காய்ச்சன்னு கேட்டது யாரு?"

"நீதான்."

"யாருகிட்ட கேட்டேன்?"

"என்கிட்ட."

"மீன் வாங்கப் போயி கதை வாங்கிட்டு வந்தது?"

"...நான்தான்."

"குறட்டையில லோரி மேடேறுதுன்னு சொன்னது நான். ஏத்துறது நீங்க. போர்டுல மட்டும் லோரியை என் மேல ஏத்தி விட்டுட்டிய." அவர் குரல் உயரவே இல்லை. அது மீரா சாகிபுக்கு இன்னும் பயமாக இருந்தது. "அந்தக் கிராணி திருடுறார், திருடுறார்னு மாசக்கணக்கா சோத்துல கை வைக்காமத் திட்டுறிய. போயி நல்லாத் திட்டிட்டு வாங்க. வந்தப்புறம் அதே திட்டை நான் உங்களுக்குத் திருப்பிச் சொல்றேன்."

மீரா சாகிபு தரையில் உட்கார்ந்தார். பழைய கவிதைகளை ஞாபகம் வந்தவரைக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் பிரதி வைக்காதவர். ஆனால் அந்த அம்மாளுக்குத் தான் சொன்னது எல்லாமே நினைவிருந்தது. "அது நான் உங்க கைலியைத் தேடுனப்பச் சொன்னது." "அது உங்க தம்பி வந்தப்பச் சொன்னது." நடுவில் ரவாங் பேருந்து தாமதமாக வருவதைப் பற்றி ஒரு கவிதை வந்தது. மெகராஜ் பேகம் யோசித்துப் பார்த்து, "இது உங்களுதுதான்" என்றார். "இதுக்கு யாரும் சிரிச்சிருக்க மாட்டாக."

உண்மைதான். ஒருவரும் சிரிக்கவில்லை. மீரா சாகிபுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அன்று பத்திரிகையில் வேறொருவர் பெயரைப் பார்த்தபோது தனக்கு எப்படி எரிந்ததோ, அப்படித்தானே இவளுக்கும் இப்போது எரியும் என்று நினைத்தார். நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

பொங்கல் விழா தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தின் பின்பக்கம் மூசா தேத்தண்ணீர் ஆற்றினான். மெகராஜ் பேகம் பெண்களோடு நின்று வடைகளைத் தட்டில் அடுக்கினார். மேடையில் சிவானந்தத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கைகூப்பி, "அருமை, அருமை" என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு, ஒலிபெருக்கியில் லோரிக் கவிதையை வாசித்தார். கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் அவருடைய மனைவி லெட்சுமி மட்டும் தட்டவில்லை. கவிதை பத்திரிகையில் வந்த நாளிலிருந்து, 'கிராணியம்மா குறட்டை லோரி மாதிரியாமே' என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேட்டுக் கேட்டு அவருக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

"நானா, எந்திரிச்சுச் சொல்லுங்கலா!" என்று முருகையா கத்தினார். "இது ஒங்க கவிதைன்னு சொல்லுங்க!"

எல்லாத் தலையும் திரும்பியது. மீரா சாகிபு எழுந்தார். இந்த நிமிடத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கூட வைத்திருந்தார்.

"கிராணியார் கோவிச்சுக்கக் கூடாது. அந்தக் கவிதை அவரோடது இல்ல" என்றார். மேடையில் சிவானந்தம் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "என்னோடதும் இல்ல."

முருகையா கைதட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்.

"அது எங்க வீட்டுல மெகராஜ் பேகம் சொன்ன சொல்லு. நான் எடுத்து எழுதிக்கிட்டேன். கேக்காம எடுத்தேன். இன்னொண்ணும் சொல்லிடுறேன்." மனைவி நின்ற பக்கம் திரும்பினார். "குறட்டை விடுறது நான்."

முன்வரிசையில் லெட்சுமி துள்ளி எழுந்தார். "எங்க வீட்டுலயும் அவருதாங்க விடுறாரு! நான் இல்ல! நல்லாக் கேட்டுக்குங்க எல்லாரும்!" அதற்கப்புறம் அந்த மண்டபத்தில் யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. அப்படி ஒரு சிரிப்பு. பொன்னாடையோடு மேடையில் நின்ற சிவானந்தமும் வேறு வழி தெரியாமல் சிரித்தார்.

கூட்டம் கலையும்போது அவர் பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். "அம்மா, இது ஒங்களுக்குத்தான் வந்திருக்கணும்" என்று நீட்டினார். திருட்டு ஆசாமிதான், ஆனால் மனிதர் மோசமில்லை.

"எனக்கு இது எதுக்கு தம்பி?" என்றார் மெகராஜ் பேகம். "எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும்." இதைச் சொல்லும்போது அவர் சிவானந்தத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மாடியில் பசியாறும்போது, மீரா சாகிபு கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிய கோலத்தைப் பார்த்து மெகராஜ் பேகம் ஏதோ சொன்னார். ஒரே ஒரு வரி. மீரா சாகிபுக்குக் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர் மூக்கில் ஏறியது. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதிலேயே சிறந்த வரி அதுதான். அவருடைய கை தானாகவே சாக்பீஸ் இருந்த சட்டைப்பைக்குப் போனது. பாதியில் நின்றது.

"மெகராஜ், இதை எழுதிக்கிடட்டுமா? கீழ உன் பேரையே போடுறேன்."

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவரை இதுவரை அப்படி யாரும் எதற்கும் கேட்டதில்லை. முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது.

"வேணாம் மச்சான். இது நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும்."

அன்றைக்குப் பலகையில் ஒன்றும் இல்லை. முருகையா வந்து கேட்டார், ஹாஜி வந்து கேட்டார். சிவானந்தம்கூட மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்னா நானா, வரலியா?" என்று அக்கறையாக விசாரித்தார். "வந்துச்சு, எழுத உத்தரவு இல்ல" என்றார் மீரா சாகிபு. மாவு பிசையும்போதும் மீன் கழுவும்போதும் அந்த வரி நினைவுக்கு வந்து, தனியாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சொல்லிவிட நாக்கு துடித்தது.

பிற்பாடு அநேக நாள் மெகராஜ் பேகம் சம்மதித்தார். 'சொன்னவர் மெகராஜ் பேகம், எழுதியவர் மீரா சாகிபு' என்று போட்டு, எல்லோரும் படிக்கும் தமிழ் எழுத்தில் கவிதைகள் வந்தன. சிவானந்தம் அவற்றில் இரண்டைக் கேட்டு வாங்கி, பெயரோடு பத்திரிகைக்கு அனுப்பினார். ஆனால் பொங்கலுக்கு மறுநாள் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் வெளியே வரவே இல்லை. முருகையா பல வருஷம் கேட்டுப் பார்த்தார். மீரா சாகிபு சிரிப்பார், கண்ணைத் துடைத்துக்கொள்வார், சொல்ல மாட்டார். மனைவி மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் அவர் சொல்லவில்லை.